எஸ். முத்தையாவின் நாளிதழ்ப் பத்திகளைப் பாதுகாத்து, திருத்தங்களுடன் அடைவு (தேடுபட்டியல்) தயாரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சென்னை வரலாற்று வாசகர்கள், பழந்தாள் பாதுகாப்பு மற்றும் அடைவுப் பணியாளர்கள்,
சென்னை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது நூலக இயக்ககம், சென்னை.

பொருள்: கன்னிமாரா பொது நூலகம் – எஸ். முத்தையாவின் பத்திகள் – மின்வருடலும் (ஸ்கேன் செய்தல்) அடைவும் – கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் 1930இல் பிறந்து, கொழும்பில் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ ஏட்டில் பணியாற்றி, 1968இல் சென்னைக்கு வந்தவர் எஸ். முத்தையா. 1981இல் வெளிவந்த அவருடைய ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ நூலும், 1991இல் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழும் இந்நகர வரலாற்றைச் சாதாரண வாசகர் கைக்குக் கொண்டுவந்தன. ஆகஸ்ட் 22ஐ மெட்ராஸ் நாளாகக் கொண்டாடும் வழக்கத்தை 2004இல் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். 2019 ஏப்ரல் 20 அன்று மறைந்தார்.

அவருடைய நூல்களுக்கு உடனடி ஆபத்தில்லை. 1999 முதல் ‘தி ஹிந்து’வில் திங்கட்கிழமைகளில் வந்த ‘மெட்ராஸ் மிஸலனி’ பத்திதான் எங்கள் கவலை. நாளிதழ்த் தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறும். அமிலம் இழைகளை அரிக்கும். முதலில் உடைவது மடிப்பு. சென்னையின் ஈரக்காற்று இதை விரைவுபடுத்துகிறது. கிழிசலில் ஒட்டும் செலோ டேப்பும், பிளாஸ்டிக் லேமினேஷனும் பிற்காலத்தில் சரிசெய்ய முடியாத கேட்டைத் தாளுக்குச் செய்யும். கிழிசலை ஒட்ட ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையுமே போதும், தேவையானபோது பிரித்தெடுக்கவும் முடியும்.

அப்பத்தி இணைப்பிதழில் வந்தது. முதன்மை நாளிதழை மட்டும் பைண்டு செய்யும்போது இணைப்பிதழ் விடுபட்டுப்போவது வழக்கம். ஆகவே வருடலுக்கு முன் தேதிவாரியாக விடுபட்டவற்றைப் பட்டியலிட வேண்டும். இறுக்கமாகத் தைத்த தொகுதிகளைத் தட்டை ஸ்கேனரில் அழுத்தினால் முதுகுப்பக்க எழுத்துகள் மறையும், தாளும் முறியும். மேலிருந்து படமெடுக்கும் கேமராவே உகந்தது. 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) அளவில், டிஃப் என்ற படக்கோப்பாக ஒரு மூலப்படி வைத்து, வாசிப்புக்குச் சிறிய படி தனியாக எடுக்கலாம்.

வருடுவதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் முடியும். வாசகர் கடிதங்களை வரவேற்று, ஒரு கட்டடத்தின் ஆண்டோ, கட்டியவர் பெயரோ தவறியிருந்தால் பின்னொரு வாரம் அதை வெளிப்படையாகத் திருத்துவது முத்தையாவின் வழக்கம். நகர வரலாற்றில் பலரை எழுதத் தூண்டியது இந்த நேர்மையே என்பது எங்கள் உறுதியான எண்ணம். பழைய பத்தி மட்டும் தேடுபவர் கையில் கிடைத்தால், முத்தையாவே திருத்திய பிழை அவர் பெயரிலேயே மீண்டும் பரவும். எனவே ஒவ்வொரு பதிவிலும் தேதி, பக்கம், இடம், நபர் ஆகியவற்றோடு ‘திருத்தம் வந்த தேதி’ என்ற கட்டமும் கட்டாயம் வேண்டும். இடப்பெயர்கள் பழையதும் புதியதுமாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டும். எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று தேடினாலும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று தேடினாலும் ஒரே பதிவு வர வேண்டும். கணினியின் எழுத்துணரி குடும்பப்பெயர்களில் அதிகம் தடுமாறும். அவற்றை ஆள் பார்த்தே சரிபார்க்க வேண்டும்.

பதிப்புரிமை இதற்குத் தடையாகாது. நூலகம் தன்னிடமுள்ள அச்சுப்படியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கப் பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 52(1)(n) இடமளிக்கிறது. இணையத்தில் முழுப் பத்தியை வெளியிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். அடைவை மட்டும் இப்போதே வெளியிடலாம்.

நாட்டில் வெளியாகும் நூல்கள், இதழ்களின் படிகளைச் சட்டப்படி பெற்றுச் சேமிக்கும் நான்கு வைப்பு நூலகங்களில் ஒன்றான கன்னிமாராவே இதற்குப் பொருத்தமான இடம். முதற்கட்டமாக 1999 முதல் 2004 வரையிலான இதழ்களை எடுத்துக்கொள்ளவும், 2030 ஏப்ரல் 13 அன்று வரும் அவருடைய நூற்றாண்டுக்கு முன் அடைவு முழுவதையும் வாசகர் பயன்பாட்டுக்குத் திறக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம். பெயர்களைச் சரிபார்க்கும் பணியில் ஊதியமின்றி உதவ நாங்கள் அணியமாக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்