ஒரு செமஸ்டருக்குப் போகிறவளுக்கு இரண்டு வருடத்து பில்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர் (பெயர், முகவரி ரசீதில் உள்ளபடி),
ஈரோடு.

பெறுநர்
கிளை மேலாளர்,
வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

நாள்: 22.09.2025

பொருள்: பரிமாற்ற செமஸ்டர் சேவையில் குறைபாடு, தவறாக வசூலித்த தொகை, அசல் சான்றிதழ்கள் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். என் மகள் தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் நான்காம் ஆண்டு மாணவி. ஏழாவது செமஸ்டரை மட்டும் பிரான்சில், கிரெனோபிள் நகரில் படிக்கப் போயிருக்கிறாள். அவளுடைய கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. அவளைத் தேர்ந்தெடுத்துப் பெயர் அனுப்பியது கல்லூரிதான். ஃபீஸ் இங்கே கட்டுகிறோம். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே உங்கள் கவுன்சலரிடம் சொல்லி, கல்லூரிக் கடிதத்தையும் காட்டினோம். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்ங்க" என்றார். அந்த நம்பிக்கையில் ஜிஎஸ்டியோடு 59,000 ரூபாய் கட்டினோம்.

நீங்கள் செய்தது என்னவென்றால், முழுப் பட்டம் படிக்கப் போகும் மாணவர்களுக்கென்று வைத்திருக்கும் ஃபைலை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி எங்கள் கையில் கொடுத்தீர்கள். எங்களுக்குத் தேவையில்லாததற்கெல்லாம் பணம் வாங்கினீர்கள். தேவையானதைக் கோட்டைவிட்டீர்கள்.

முதலில் அந்த மின்னஞ்சல் விவகாரம். பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் பக்கத்தில் மாணவியின் மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில், உங்கள் அலுவலகம் தானே ஒரு முகவரியை உருவாக்கிப் பதிந்தது. பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும். கேட்டதற்கு, "அப்டேட் வந்தா வாட்ஸ்அப்ல சொல்வோம்" என்று பதில். பரிமாற்ற மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகமே அரசு மாணவர் விடுதியில் அறை ஒதுக்கிக் கொடுக்கிறது. க்ரூஸ் என்று அதற்குப் பெயர். அதற்கான படிவம் வந்தது உங்கள் கையிலிருந்த அந்த முகவரிக்கு. கடைசித் தேதியும் அதிலேயே எழுதியிருந்தது. யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவளோடு போகும் இன்னொரு மாணவி தனக்கு அறை கிடைத்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். பாஸ்வேர்டைச் சண்டை போட்டு வாங்கிப் பார்த்தால், அந்தப் படிவமும் இரண்டு நினைவூட்டல்களும் கறுப்பு எழுத்தில், படிக்கப்படாமல் கிடந்தன. அந்தத் திரையின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. விடுதி கைநழுவிப் போன மறுவாரமே "தங்குமிடம் ஏற்பாடு" என்று 15,000 ரூபாய்க்குத் தனி பில் போட்டு, ஒரு தனியார் ஸ்டுடியோவைப் பிடித்துக் கொடுத்தீர்கள். விடுதி அறை மாதம் 280 யூரோ, இது 490. பல்கலைக்கழக வளாகம் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது, அறையோ தெற்கே எஷிரோல் பக்கம். தினமும் ஏ டிராமில் வந்து நடுவில் பி டிராமுக்கு மாறிப் போகிறாள். அது போகட்டும், இளவயதுக் கால்கள். ஆனால் உங்கள் கவனக்குறைவால் வந்த இழப்புக்கு உங்களிடமே கமிஷன் கட்ட வைத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

அடுத்தது, படிக்க வேண்டிய பாடங்களைத் தேர்ந்தெடுப்பது. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். என்னென்ன பாடம் என்று எழுதி மாணவி, இங்குள்ள கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மதிப்பெண் இங்கே செல்லும். அங்கே படிக்கும் பாடம் இங்குள்ள பாடத்துக்கு ஈடாகவில்லை என்றால், திரும்பி வந்து அந்தப் பேப்பரை அரியர் போல எழுத வேண்டியதுதான். பரிமாற்ற செமஸ்டரில் ஆலோசனை என்று ஒன்று தேவைப்படுவதே இந்த இடத்தில்தான். நீங்கள் தந்த பட்டியலை அவளுடைய துறைத் தலைவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பாடங்கள் ஜனவரிக்குப் பிறகு தொடங்கும் செமஸ்டரைச் சேர்ந்தவை. ஒன்று பிரெஞ்சு மொழியில் மட்டும் நடப்பது. என் மகளுக்கு "போன்ஷூர்" தாண்டித் தெரியாது. கடைசியில் அவளும் துறைத் தலைவரும் உட்கார்ந்து, அங்குள்ள பேராசிரியருக்கு நேரடியாக எழுதிக் கேட்டு, புதிதாக ஒரு பட்டியல் தயாரித்தார்கள். உங்கள் பட்டியலிலிருந்து அதில் மிஞ்சியது ஒரே ஒரு பாடம்.

இனி பணம். நான் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்க்கிறவள். உங்கள் பில்லை வரிவரியாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"சிவெக் கட்டணம், 105 யூரோ" என்று 10,920 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். பிரான்சில் பட்டம் படிக்கச் சேரும் மாணவர்கள் கட்ட வேண்டிய மாணவர் நலக் கட்டணம் அது. இரு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் பரிமாற்றத்துக்கு வருபவர்களுக்கு அது கிடையாது. அங்குள்ள சேர்க்கை அலுவலகத்தில் இவள் கேட்டபோது, கட்ட வேண்டியதில்லை என்றுதான் சொன்னார்கள். கட்டியதற்கான சான்றும் உங்களிடமிருந்து வரவில்லை. அந்தப் பணம் எங்கே?

பில்லின் அடுத்த வரியில் "டிசிஎஸ் 5%", அதாவது பணம் வாங்கும்போதே பிடிக்கும் வருமானவரி, 10,400 ரூபாய். 2,000 யூரோ அன்னியச் செலாவணிக்கு அதை வசூலித்திருக்கிறீர்கள். சொந்தப் பணத்தில் படிப்புக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால்தான் அதற்கு டிசிஎஸ். 2025 ஏப்ரல் முதல் வரம்பு அதுதான். நாங்கள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. தாண்டியிருந்தாலும் அதைப் பிடிக்க வேண்டியது செலாவணி விற்கும் வங்கியோ டீலரோதான், ஆலோசனை நிறுவனம் அல்ல. அப்படியே பிடித்திருந்தால் என் பான் எண்ணில், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்க வேண்டும். பார்த்தேன், ஏறவில்லை. வரி என்று பெயர் சொல்லி வாங்கிய பணம் வருமானவரித் துறைக்குப் போகவில்லை என்றால், அதற்கு நான் ஒரு பெயர் வைப்பதைவிட நீங்களே விளக்குவது நல்லது.

அப்புறம், விசாவுக்குக் காட்ட வேண்டிய இருப்பு. பிரான்ஸ் கேட்பது மாதத்துக்கு 615 யூரோ. ஐந்து மாதத்துக்கு 3,075 யூரோ, சுமார் 3.2 லட்சம். உங்கள் கவுன்சலர் பன்னிரண்டு மாதக் கணக்குப் போட்டு, ஏழரை லட்சத்துக்கு மேல் காட்டினால்தான் விசா வரும் என்று எழுதியே கொடுத்தார். முதிர்வுக்கு முன்னால் வைப்புத்தொகையை உடைத்து, வட்டியில் பிடித்தம் ஆனது எனக்கு. "இல்லாட்டி லோன் போட்டுக்கலாம், எங்க டை-அப் பேங்க் இருக்கு" என்று வேறு சொன்னார். எதற்காக அந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கு என்று அப்போது புரிந்தது.

இதே ஆர்வத்தோடு போட்டுத் தந்த மாதச் செலவுப் பட்டியலில், வீட்டு வாடகைக்கு பிரெஞ்சு அரசின் உதவித்தொகையும் அங்குள்ள இலவசச் சமூகக் காப்பீடும் வரவில் காட்டியிருந்தீர்கள். இவளுக்கு வந்தது ஆறு மாதத்துக்குள் முடியும் தற்காலிக விசா. அதில் இரண்டுமே கிடையாது. தனியாக மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது கிளம்பும் வாரத்தில் தெரிந்து, அவசரத்தில் எடுத்தோம். உடம்புக்கு ஏதாவது வந்து ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்திருந்தால்?

விமான டிக்கெட், பெட்டி எடை, கிளம்பும் முன் வகுப்பு ஆகியவற்றில் குறை ஒன்றுமில்லை. விசா விண்ணப்பத்தை நிரப்பிய அந்தப் பெண் பொறுமையாக வேலை செய்தார், அவரை இதில் இழுக்க வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். சிவெக் 10,920, டிசிஎஸ் என்று வாங்கிய 10,400, தங்குமிடத்துக்கான 15,000 மூன்றையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். பாடத் தேர்வும் விண்ணப்பக் கவனிப்பும் சேர்ந்த சேவைக் கட்டணம் 59,000-இல் பாதி, அதாவது 29,500. மொத்தம் 65,820 ரூபாய். வாடகை வித்தியாசத்தையும் வைப்புத்தொகை வட்டியையும் இப்போதைக்கு இதில் சேர்க்கவில்லை; விஷயம் நீண்டால் சேர்ப்பேன். "பாலிசிப்படி நோ ரீஃபண்ட்" என்று அச்சடித்த பதில் வேண்டாம். அந்த நிபந்தனை ரசீதின் பின்பக்கத்தில் இருப்பது தெரியும். கிடையாத கட்டணத்தை வசூலிக்க அது அனுமதி தராது.

இக்கடிதம் கிடைத்த 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுப்பேன். நான் குடியிருக்கும் ஈரோட்டிலேயே கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. டிசிஎஸ் விஷயத்தைத் தனியாக வருமானவரித் துறைக்கும் எழுதுவேன்.

கடைசியாக ஒன்று. மகளின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழ்கள் சரிபார்ப்புக்கு என்று வாங்கியது இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. பணத் தகராறுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. என் தம்பி வரும் செவ்வாய்க்கிழமை காலை நேரில் வருவார். அவரிடம் என் அங்கீகாரக் கடிதம் இருக்கும். அசலைக் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாணவியின் தாயார்

இணைப்பு: ரசீதுகள், மின்னஞ்சல் திரையின் படம், துறைத் தலைவர் திருத்திய பாடப் பட்டியல், 26ஏஎஸ் படிவ நகல்.