அப்பாகிட்ட சொல்லாதேன்னு மட்டும் பிள்ளைகிட்ட சொல்லாதே கண்ணு

கண்ணு, போன்ல பேசினா நீ அழுதுடுவே இல்லன்னா நான் கத்திடுவேன், அதான் உக்காந்து டைப் பண்றேன். நேத்து ராத்திரி பாப்பா வீடியோ கால்ல வந்து, "பாட்டி ஒரு சீக்ரெட், நானும் அம்மாவும் வேற நாட்டுக்குப் போகப்போறோம், அப்பாகிட்ட சொல்லக்கூடாதாம்"னு ரகசியமா சொன்னா. சொல்லிட்டு கதவுப்பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்தா. ஏழு வயசுப் பிள்ளைடி அது. எனக்கு அப்புறம் தூக்கமே வரல.

அங்க உனக்குக் கிடைச்சிருக்கிறது நல்ல வேலை, அதுக்காக நீ எத்தனை வருஷம் பாடுபட்டேன்னு பக்கத்துல இருந்து பாத்தவ நான். போகாதேன்னு சொல்லவே மாட்டேன். ஆனா டைவர்ஸுக்கு அப்புறம் பாப்பா வாரத்துல மூணு ராத்திரி உன் வீடு, நாலு ராத்திரி அவ அப்பா வீடுன்னு கோர்ட் ஆர்டர்ல இருக்கே, நீ அவ்ளோ தூரம் போயிட்டா அது தானா நின்னு போயிடும். அதை நீ ஒருத்தியா முடிவு பண்ண முடியாது. அவருக்கு முன்கூட்டியே எழுத்துல தெரியப்படுத்தணும், அவர் சம்மதிச்சா அதையும் எழுதி வாங்கி ஆர்டரை மாத்திக்கணும், சம்மதிக்கலன்னா கோர்ட்ல அனுமதி கேக்கணும். வக்கீல்கிட்ட இன்னும் கேக்கலன்னா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கேளு.

சொல்லாம கூட்டிட்டுப் போயிட்டா அப்புறம் சமாளிச்சுக்கலாம்னு யாராவது சொன்னா காதுல வாங்கிக்காதே. 1980 ஹேக் உடன்படிக்கைன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு நாடும் அதுல சேர்ந்திருந்தா, காவல் உரிமை, அதாவது பிள்ளைய வெச்சு வளர்க்கிற உரிமை இருக்கிற இன்னொருத்தர் சம்மதம் இல்லாம கூட்டிட்டுப் போன 16 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைய அது வழக்கமா வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்லி அவர் கேக்கலாம். பெத்த தாய்ங்கிறதால உன்னை விட்டுட மாட்டாங்க. பாப்பா புது ஸ்கூல்ல சேர்ந்து ரெண்டு ஃபிரெண்ட் பிடிச்ச நேரத்துல மறுபடி பொட்டிய கட்டணும்னா அது யாருக்கு வலிக்கும் சொல்லு.

கோர்ட்டுக்குப் போனாலும் உன் சம்பளம் எவ்ளோ ஏறுதுன்னு மட்டும் பாக்க மாட்டாங்க. பிள்ளைக்கு எது நல்லது, ரெண்டு பேர்கிட்டயும் அது எவ்ளோ ஒட்டுதல், போற இடத்துல படிப்பும் கவனிப்பும் எப்படி, முக்கியமா போற நீ அப்பாவோட உறவு அறுந்துடாம பாத்துப்பியான்னு பாப்பாங்க. 1989 ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையிலேயே, பிரிஞ்சு வாழுற அப்பா அம்மா ரெண்டு பேரோடயும் நேரடித் தொடர்பு வெச்சுக்கிறது பிள்ளையோட உரிமைன்னு 9வது பிரிவுல இருக்கு, பிள்ளை சொல்றதையும் கேக்கணும்னு 12வது பிரிவுல இருக்கு. ஆனா கேக்கிறதுன்னா யார்கூட இருக்கேன்னு அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்றது இல்ல, அந்த பாரத்தை அவ தலையில வெச்சிடாதே.

அவர்கிட்ட வெறுங்கையோட போய் நிக்காதே. வாராவாரம் பாக்க முடியாதுன்னா அதுக்குப் பதிலா பெரிய லீவுல பாதிக்கு மேல அவர்கூட, நடுவுல அவர் வந்தா தங்கிப் பாக்க தடை இல்ல, ரெண்டு ஊர் நேர வித்தியாசம் பாத்து அவ தூங்கி வழியாத நேரமா வீடியோ கால், டிக்கெட் செலவுல யாருக்கு எவ்ளோ, சின்னப் பிள்ளைய விமானத்துல யார் கூட்டிட்டு வர்றது, எல்லாத்தையும் யோசிச்சு எழுதிட்டுப் போய் பேசு. கோவப்படுவார், படட்டும், அவருக்கு நஷ்டம் நிஜமானது. உனக்கு நல்ல புருஷனா இல்லாம போயிட்டார்ங்கிறது வேற, பாப்பாவுக்கு ஜுரம் வந்தா ராத்திரி பூரா முழிச்சிருக்கிற அப்பா அவர்ங்கிறது வேற. டைவர்ஸ் சமயத்துல நானும் அவ காதுபட அவரை திட்டியிருக்கேன், அது என் தப்பு, இப்ப நினைச்சா மனசு அறுக்குது.

இன்னைக்கே அவருக்கு போன் பண்ணு. அப்புறம் பாப்பாவ மடியில வெச்சு, அப்பாவுக்கு எல்லாம் தெரியும், இனிமே இது ரகசியம் இல்லன்னு சொல்லிடு. நேத்து போனை வெக்கும்போது விரலை மடக்கிட்டே, "அங்க போயிட்டா அப்பா வீட்டுக்கு எத்தனை ராத்திரி பாட்டி?"ன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு அவளுக்கு ஒரு கணக்கு சொல்லுங்க.

அம்மா