கீழ்வீட்டுத் தாத்தாவின் 45

கொலம்பஸ், ஒஹாயோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அதற்கு முந்தைய கடிதத்துக்கே நான் பதில் போடவில்லை. அதை நீங்கள் ஒரு வரியில்கூடக் குத்திக் காட்டவில்லை என்பதுதான் உறுத்துகிறது. அம்மாவிடம் போனில் பேசிவிட்டால் எல்லாரிடமும் பேசிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் காதுக்குக் கடிதம்தான் என்பதை மறந்துவிடுகிறேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஞாயிறன்று வைக்கும் புளிக்குழம்பு புதன்வரை வருகிறது. வெளியே மைனஸ் 12. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாலை உள்ளே வைத்தால்தான் தயிர் தோய்கிறது. ஆபீசில் வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். ஓய்வு நிறைய, நல்லதுதான்.

"அங்கே எல்லாரும் 45 கைத்துப்பாக்கி வைத்திருப்பார்களாமே, உன் கைக்கு அது அடங்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். அடங்கவில்லை அப்பா. சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கீழ்வீட்டுத் தாத்தாதான் துப்பாக்கி சுடும் கூடத்துக்குக் கூட்டிப்போனார். என் ரசத்தைக் காபிக் குவளையில் ஊற்றிக் குடிப்பாரே, அவரேதான். விசாவில் இருந்தவரை, வேட்டை லைசென்ஸ் எடுத்தாலொழிய, துப்பாக்கியைத் தொடவே இங்கே சட்டம் விடாது. இப்போது கிரீன் கார்டு வந்துவிட்டதால் தடையில்லை. அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா, எங்கே பட்டது என்று பால் கணக்குப் போல வருஷக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார். எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார்.

ஏழு கஜத்தில் குறி அட்டை. முதலில் .22. இந்த எண்ணெல்லாம் சுமாராகக் குண்டின் பருமன், .22 என்றால் அங்குலத்தில்; 45-உம் அப்படித்தான். குண்டு 5.6 மில்லிமீட்டர்தான், சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் உதையே தெரியாது. பத்தும் ஒரு கொட்டாங்கச்சிக்குள் அடங்கிவிட்டன. அடுத்து 9 மில்லிமீட்டர். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியது, ஆனால் எல்லாம் அட்டைக்குள்தான். அப்புறம் 45. அவருடைய பழைய இரும்புத் துப்பாக்கி, ஒரு கிலோவுக்கு மேல் கனம். குண்டும் 11.5 மில்லிமீட்டர், ஈயம் 15 கிராம். 9-இன் குண்டு எடையில் இதில் பாதிதான் இருக்கும். பத்தில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. மற்றதெல்லாம் இடது பக்கம் கீழே போய் விழுந்தன.

துப்பாக்கி சரியில்லை என்றேன். தாத்தா ஒன்றும் பேசாமல் வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா அடுக்கும் மேகசினை நிரப்பிக் கொடுத்தார். இரண்டு வெடித்தன. மூன்றாவதுக்கு 'டிக்' என்ற சத்தம் மட்டும். நடுவில் டம்மி தோட்டா ஒன்றைச் செருகியிருக்கிறார். வெடிக்கவேயில்லை, ஆனாலும் துப்பாக்கிக் குழல் மாடு தொட்டியில் வாய் வைப்பதுபோலக் குனிந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். உதை வரப்போகிறதென்று கை முன்கூட்டியே கீழே அழுத்திவிடுகிறது. வலது கைக்காரனுக்குக் கீழே இடது பக்கம் போவது அதனால்தானாம்.

குண்டின் பருமன் மட்டுமே கணக்கில்லை. அவரிடம் உள்ளங்கைக்குள் மறைகிற .380 ஒன்று இருக்கிறது. தோட்டா 9-ஐவிடக் குட்டை, துப்பாக்கி அதைவிட லேசு. எனக்கு அது 45-ஐவிட மோசமாக உதைத்தது. 45 தள்ளுகிறது, இது அறைகிறது.

பெரிய குண்டுதான் நல்லது என்று இங்கத்து மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யே ஒரு காலத்தில் நம்பியிருக்கிறது. 1986-இல் மியாமியில் நடந்த சண்டையில் அவர்கள் ஆள் இரண்டு பேர் செத்தார்கள். எதிரியின் உடம்பில் பாய்ந்த 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது என்று குண்டின்மேல் பழி போட்டார்கள். 10 மில்லிமீட்டருக்குப் போனார்கள். அது பலருக்குக் கையில் நிற்கவில்லை. வெடிமருந்தைக் குறைத்து, அதிலிருந்து 1990-இல் .40 வந்தது. கடைசியில், சுடுகிறவர்களில் பெரும்பாலோர் 9-இல்தான் வேகமாகவும் குறி தப்பாமலும் சுடுகிறார்கள் என்று சொல்லி, 9-க்கே திரும்பிவிட்டார்கள். கிட்டத்தட்ட அதே அளவு துப்பாக்கியில் 45 என்றால் 13 தோட்டா, 9 என்றால் 17. மேலத்தெரு மாமா தன் கான்பூர் .32 ரிவால்வரை இனிமேல் குறைத்துப் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் ஊரில் 9 பட்டாளத்துக்கும் போலீசுக்கும்தான் என்று அவர் புலம்புவாரே.

தோட்டாவுக்குத் தாத்தாதான் காசு கொடுத்தார். ஒரு பெட்டி 45-இன் விலைக்கு 9 கிட்டத்தட்ட இரண்டு பெட்டி வரும். விலைப் பலகையைப் பார்த்ததும் எனக்கு 9 போதும் என்றேன். அவர் கேட்கவில்லை.

உள்ளே தீபாவளி வாசனை வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வரவில்லை. இந்த மருந்தில் கந்தகம் கிடையாதாம். ஏனோ அப்படியே நின்றுவிட்டேன். .22 அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று தாத்தா கேட்டார். குடியாத்தம் சிரசு திருவிழாவில் பலூன் கடை, என் தோளுக்குப் பின்னால் நீங்கள். "மூச்சைப் பாதி விடு, விரல் மட்டும் அசையட்டும்." இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? என் அப்பா பட்டாளத்துக்காரர் என்று மட்டும் சொன்னேன்.

காதுக்குள் ஒரு அடைப்பு, மேலே ஒரு மூடி, இரண்டும் போட்டால்தான் உள்ளே விடுகிறார்கள். நீலகிரி வெலிங்டனில் பட்டாளத்து எஸ்.எல்.ஆர். துப்பாக்கி சுட்டபோது உங்களுக்கும் அப்படி ஒன்று கொடுத்திருந்தால் இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன்.

சரி, நிலத்து விஷயம். சர்வேயர் வரும் நாளில் நீங்கள் தனியாகப் போக வேண்டாம். சின்னக்கா வீட்டுக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். சித்தப்பா என்ன பேசினாலும் பதில் பேச வேண்டாம், வரப்புக் கல்லை அவர்களே அளந்து காட்டட்டும். தாய்ப்பத்திரம் அம்மாவின் பச்சைப் பெட்டியில், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குக் கீழே இருக்கும். நகல் இரண்டு எடுத்து வையுங்கள். சர்வே கட்டணத்துக்கு இந்த மாதம் குறைவாகத்தான் அனுப்பியிருக்கிறேன், மீதி மார்ச்சில். பேங்க் காவல் வேலைக்கு வைத்திருந்த துப்பாக்கியைத் தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்தீர்களே, அதை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் வந்ததாக அம்மா சொன்னாள். அளவை முடியும்வரை அது ஸ்டேஷனிலேயே இருக்கட்டும் அப்பா.

சர்வேயர் வரும் தேதியை உடனே எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்