மராங் பாதையில் குடை பிடித்தவருக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

அப்பா நேற்று மாலை வீடு திரும்பிவிட்டார். அன்று காலை சிங்கப்பூரின் ஃபேபர் மலையில் வெப்பம் தாளாமல் அவர் நினைவிழந்ததை உங்களில் பலர் அறிவீர்கள் என்பதால் அதை மீண்டும் விவரிக்கவில்லை. விவரிக்கும் தெம்பும் எனக்கு இன்னும் வரவில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

மலைக்கு ஏறும் மராங் பாதையின் படியருகே அப்பாவைக் கிடத்தியிருந்தபோது குடையுடன் வந்து நின்ற சீன முதியவருக்கே இம்மடலின் பெரும்பகுதி உரியது. அவருக்கும் எங்களுக்கும் பொதுவான மொழி இல்லை. மரங்கள் அடர்ந்த பாதைதான் என்றாலும், கிளைகளுக்கு நடுவிலிருந்த ஓர் இடைவெளி வழியாக வெயில் நேரே அப்பாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய மூச்சிலேயே கண்ணாக இருந்த எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த முதியவர் கவனித்தார். கருநீலக் குடையை விரித்து, தாம் வெயிலில் நின்றுகொண்டு, அப்பாவின் முகத்துக்கு நிழல் தந்தார். வெயில் நகர நகர அவரும் அரையடி, ஓரடி என்று தள்ளி நின்றார். கை வலித்திருக்க வேண்டும். மறுகைக்கு மாற்றினாரே தவிர, குடையைத் தாழ்த்தவில்லை. மருத்துவ உதவியாளர்கள் வந்துசேரும்வரை ஏறத்தாழ 20 நிமிடங்கள் அந்த நிழல் அப்பாவின் நெற்றியை விட்டு விலகவில்லை. தூக்குப்படுக்கையை இறக்கியபோது அவரும் குடை பிடித்தபடியே பக்கத்தில் படியிறங்கி வந்தார். ஆம்புலன்ஸின் கதவு மூடும் முன் குடையை மடக்கி என் கையில் கொடுத்தார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

உடனே அவசர உதவி எண் 995ஐ அழைத்த பெண்மணிக்கும், ஓட்டப்பயிற்சியை விட்டுவிட்டுக் கீழே ஓடிச் சென்று வழிகாட்டிய இரண்டு இளையர்களுக்கும், காலணிகளைக் கழற்றிக் கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, நினைவு தெளியாதவருக்குத் தண்ணீர் புகட்டக் கூடாது என்று என் கையைத் தடுத்த தாதிக்கும், சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையினருக்கும், மருத்துவமனையில் இரவும் பகலும் பார்த்துக்கொண்டவர்களுக்கும், ரசமும் சோறும் அனுப்பிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பா பல ஆண்டுகள் கெப்பல் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். உச்சியில் நின்று செந்தோசாத் தீவையும் கப்பல்களையும் காட்டுவதும், தெலுக் பிளாங்கா குன்று என்றிருந்த பெயர் 1845இல் ஃபேபர் மலை என்று மாறிய கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதும் அவருக்குத் தீராத மகிழ்ச்சி. ஏறத்தாழ 105 மீட்டர் உயரம்தானே என்று நாங்களும் நேரம் பார்க்காமல் கிளம்பிவிடுவோம். மே மாதப் புழுக்கத்தில் வியர்வை உலராமல் உடம்பிலேயே தங்கும்போது உடலின் சூடு தணிய வழியில்லாமல் போகிறது என்பதை அந்தத் தாதி சொல்லித்தான் அறிந்தேன். இனி விடிந்ததும் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவோம். நான் முதலுதவியும் கற்றுக்கொள்ளப் போகிறேன்.

கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய அந்தக் குடை எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தம் கையாலேயே திருப்பித் தர வேண்டும் என்கிறார் அப்பா. அவர் படியேற மருத்துவர் இன்னும் அனுமதிக்கவில்லை. எனவே சனிக்கிழமைதோறும் காலை 7 மணிக்கு மராங் பாதையின் அடிவாரத்தில் நான் காத்திருப்பேன். அந்தப் பெரியவரை அறிந்தவர்கள் அவருடைய மொழியில் இதை அவரிடம் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவேளை சாப்பிட வர வேண்டும் என்று அப்பா அழைப்பதாகவும் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
அவருடைய மகள்