காப்பாற்ற வந்தவர்கள்

அன்புள்ள ஜோசப்,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை உறுதியானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே எனக்கு முழங்கால் வலி அதிகம். வெளியே போக முடியாததால் வாசிப்பு மட்டும் நன்றாக நடக்கிறது.

சிலுவைப் போர்களில் 'நம்ம ஆட்கள்' கடைசியில் ஜெயித்தார்களா என்று கேட்டிருந்தாய். நம்ம ஆட்கள் யார் என்பதில்தானே சிக்கல்? 1095-ல் எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்கப் போப் இரண்டாம் உர்பன் மேற்கு ஐரோப்பாவில் படை திரட்டியபோது, கிழக்கே வாழும் கிறிஸ்தவர்களுக்கு உதவுவதையும் ஒரு காரணமாகச் சொன்னார். அந்தக் கிறிஸ்தவர்கள் பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது.

இன்றைய துருக்கியிலுள்ள எதெஸ்ஸா நகரை ஆண்ட தோரோஸ் ஓர் ஆர்மீனியர், பிள்ளையில்லாத கிழவர். துருக்கியருக்குப் பயந்து, மேற்கிலிருந்து வந்த தளபதி பால்ட்வினை 1098-ல் தத்தெடுத்தார். இருவரும் ஒரே சட்டைக்குள் புகுந்து மார்போடு மார்பு உரசுவதுதான் சடங்காம்! சில வாரங்களுக்குள் கலகம் வெடித்துத் தோரோஸ் கொல்லப்பட்டார், ஊர் பால்ட்வினுக்கு. அந்தச் சதி பால்ட்வினுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

துருக்கியர் வசமிருந்த அந்தியோக்கியா நகரில் இன்னும் மோசம். சிலுவைப் படையின் முற்றுகையின்போது துருக்கியர் அங்கிருந்த கிரேக்கத் திருச்சபையின் தலைமை ஆயரை, அதாவது முதுபெரும் தந்தை யோவானை, மதிலிலிருந்து தொங்கவிட்டு வதைத்தார்கள். ஊரைப் பிடித்த சிலுவைப் படையினர் முதலில் அவரைப் பீடத்தில் அமர்த்தினார்கள். ஆனால் 1100-ல் அவர் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய்விட, அந்த இடத்தில் போப்பின் திருச்சபையைச் சேர்ந்த லத்தீன்காரர் ஒருவர் உட்கார்ந்தார். எருசலேமிலும் இயேசுவின் கல்லறைக் கோவிலிலிருந்து கிழக்கத்திய குருக்களை ஒதுக்கினார்கள். 1101-ல் பாஸ்கா சனிக்கிழமை அந்தக் கல்லறையில் தானாக எரியும் என்று நம்பப்படும் புனித நெருப்பு வராமல் போனதும், அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அக்கால ஆர்மீனிய வரலாற்றாசிரியர் எதெஸ்ஸா மத்தேயு எழுதுகிறார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அப்புறம் பழிவாங்கல். 1144-ல் எதெஸ்ஸாவைப் பிடித்த துருக்கியத் தளபதி ஜெங்கி, பிராங்குகளை, அதாவது மேற்கிலிருந்து வந்தவர்களை, கொன்றாலும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தார். 1146-ல் பிராங்குகள் ஊரைத் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்று ஓட, மாட்டிக்கொண்டது ஊர்மக்கள்தான். ஆண்கள் வெட்டுப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகப் போனார்கள். 1268-ல் எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் அந்தியோக்கியாவை அழித்ததிலிருந்து அந்த ஊர் பழைய நிலைக்கு வரவேயில்லை. இன்றைக்கும் 'அந்தியோக்கியாவின்' கிரேக்க முதுபெரும் தந்தை இருப்பது டமாஸ்கஸில். எதிரிக்கு ஆள்காட்டிகள் என்ற சந்தேகமும் மம்லூக்குகள் காலம் முழுக்கக் கிழக்கத்திய கிறிஸ்தவர்களை விடவில்லை.

நீ கேட்ட மாரோனியர்கள், அதாவது லெபனான் பக்கத்துக் கிறிஸ்தவர்கள், கதை வேறு. அவர்கள் 1182 வாக்கில் ரோமோடு சேர்ந்துகொண்டார்கள். அந்த உறவு இன்றுவரை அறவில்லை. லெபனானில் ஜனாதிபதி பதவி மரபுப்படி மாரோனியருக்குத்தான். அவர்களைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கல்யாணத் தேதி முடிவானால் உடனே சொல், முழங்காலைப் பார்க்காமல் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சண்முகம்