நோக்கியா போன் செய்கிறவர்களுக்கு, திருகோணமலையில் போன் திருத்துகிறவன் எழுதுவது

பின்லாந்தில் இருந்து நோக்கியா என்ற பெயரில் போன் செய்து விற்ற, இப்போது சொந்தப் பெயரிலும் விற்கிற எச்எம்டி நிறுவனத்தாருக்கு வணக்கம்.

நான் திருகோணமலையில் போன் திருத்துகிறவன். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் தொழில். உங்களிடம் கேட்க ஒரேயொரு விஷயம் இருக்கிறது. உங்கள் போன்களின் அசல் உதிரிப்பாகங்கள் எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் இருக்கிற சின்னக் கடைகளுக்கும் நியாய விலையில், வருடக்கணக்கில் கிடைக்க வேண்டும். வேறு கம்பனிகளை விட்டுவிட்டு ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், அதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் சாதாரண ஆட்களின் கையில் போன் வரத் தொடங்கியது. அடுத்த வருடமே நோக்கியா 1100 வந்தது. அந்தப் போனைக் கழற்றிப் பார்த்தவனுக்கு அதைச் செய்தவர்கள் யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று விளங்கும். தூசி உள்ளே போகாதபடி ஒரே துண்டாக விசைப்பலகை, வியர்த்த கையில் வழுக்காத விளிம்பு, தலையில் ஒரு டோர்ச். அப்போது பெரிய கம்பனிகள் கமராவும் கலர்த் திரையும் என்று ஓடிக்கொண்டிருக்க, கரண்ட் இல்லாத வீட்டில் இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்து ஒரு போனைச் செய்து 25 கோடிக்கு மேல் விற்றார்கள். திருக்கடலூரில் இருந்து விடியப்புறம் கடலுக்குப் போகிறவர்கள் அதை ஷொப்பிங் பையில் சுற்றி, ரப்பர் போட்டு இறுக்கிக் கொண்டுபோவார்கள். வலையில் சிக்கலை எடுப்பதற்கும் அந்த டோர்ச்தான்.

வியாபாரத் தந்திரம் என்று ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். எங்கள் மேசையில் நாங்கள் கண்டது ஒரு பற்றரி. பிஎல்-5சி. விலை குறைந்த 1100க்கும் அது, அந்தக் காலத்தில் பெரிய விலை விற்ற 6600க்கும் அது. ஒரு கடைக்காரன் ஒரே ரகப் பற்றரியைப் பத்து வாங்கி வைத்தால் ஊரில் பாதிப் போனுக்குக் காணும். 2007 ஓகஸ்ட்டில் அதே பற்றரியில் ஒரு பகுதி, 4 கோடியே 60 லட்சம், சூடாகலாம் என்று தெரிந்ததும் நோக்கியாவே அதைப் பகிரங்கமாகச் சொல்லி இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. இன்றைக்கும் சந்தையில் விற்கிற சின்ன ரேடியோக்களில் பிஎல்-5சி அளவுப் பற்றரிதான் போடுகிறார்கள். போன் போய்விட்டது, பற்றரியின் அளவு நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசெம்பர் 26 கடல் வந்தபோது நான் வேலை பழகிக்கொண்டிருந்த பையன். அதற்குப் பிறகு வந்த நாட்களில் கடைக்கு உப்புத் தண்ணீர் குடித்த போன்கள் வந்துகொண்டே இருந்தன. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு தின்னரும் பல் துலக்குகிற தூரிகையும் கொண்டு போர்ட்டைத் தேய்த்து, பல்ப் வெளிச்சத்தில் காயவைத்து, பற்றரி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். ஒரு அம்மா வந்து, "போன் வேண்டாம் தம்பி, அதுக்குள்ள இருக்கிற நம்பரை மட்டும் எடுத்துத் தா" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே குந்திக்கொண்டார். அந்தப் போன் உயிர்த்தது. நான்கு திருகாணி கழற்றினால் திறக்கிற போன் என்பதால்தான் பழகுகிற பையனான என்னாலும் அதைத் திறந்து சுத்தம் செய்ய முடிந்தது. இன்றைக்குப் பசை போட்டு ஒட்டிய போன் ஒன்று அப்படி நனைந்து வந்தால், பின் கண்ணாடியை உடைக்காமல் உள்ளே போவதே பெரும்பாடு.

நோக்கியாவின் தொடக்கம் உங்களுக்குத் தெரியும், இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன். 1865இல் ஆற்றங்கரையில் ஒரு காகிதக்கூழ் ஆலை. 1967இல் ரப்பர்க் கம்பனியும் கேபிள் கம்பனியும் சேர்ந்து ஒன்றாகின. சப்பாத்து, டயர், தொலைக்காட்சி என்று எல்லாம் செய்தார்கள். 1992இல் தலைமைக்கு வந்த யோர்மா ஒல்லிலா மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விற்றுவிட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றையே பிடித்துக்கொண்டார். 1998இல் மோட்டரோலாவைத் தாண்டி உலகத்தில் முதலிடம். 2006இல் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தார்கள். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி இளம் பெண்கள், தமிழ்ப் பிள்ளைகள். இங்கே தமிழர் கையில் இருந்த போனை அங்கே தமிழர் கை பூட்டியது என்று நினைக்க எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

அப்புறம் நடந்தது வேறு. 2007இல் ஐபோன் வந்தது, பின்னால் அன்ட்ராய்ட் வந்தது, நோக்கியா தன் போன்களை இயக்கிய சிம்பியன் என்ற பழைய மென்பொருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. 2011 பெப்ரவரியில் அப்போதைய நோக்கியா தலைவர் ஸ்டீபன் இலொப் எல்லாவற்றையும் மைக்ரோசொஃப்ட்டின் விண்டோஸ் போன் என்ற மென்பொருள் பக்கம் திருப்பினார். 2014 ஏப்ரலில் போன் வியாபாரமே மைக்ரோசொஃப்ட்டின் கைக்குப் போனது. வரி வழக்கில் மாட்டிக்கிடந்த ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேராமல், அதே வருடம் நவம்பரில் மூடப்பட்டது. வாங்கிய மைக்ரோசொஃப்ட்டும் அடுத்த வருடம் 760 கோடி டொலரை நட்டக் கணக்கில் எழுதியது. எல்லோரும் மென்பொருளில் தோற்றார்கள் என்று சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் என் மேசையில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்வேன்: 1100ஐச் செய்தபோது இருந்த, பாவிக்கிறவனின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற அந்தக் கண்ணும் இடையில் எங்கோ மங்கிப்போனது.

2016இல் பழைய நோக்கியா ஆட்கள் சேர்ந்து எச்எம்டியைத் தொடங்கி அந்தப் பெயரை மீட்டபோது எனக்கு நம்பிக்கை வந்தது. 2023இல் நோக்கியா ஜி22 என்ற உங்கள் போன் வந்தபோது நம்பிக்கை இன்னும் கூடியது. பின்மூடி, பற்றரி, திரை, சார்ஜ் போடும் வாய், நான்கையும் வீட்டிலேயே மாற்றலாம் என்று சொல்லி, திருத்தும் பாகமும் கருவியும் விற்கிற ஐஃபிக்சிட் கம்பனியோடு சேர்ந்து பாகமும் கருவியும் விற்றீர்கள். அதை வாசித்த அன்று கடையில் எல்லோருக்கும் காட்டினேன். பழைய கண் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இப்போது ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது. 2025 ஜூன் 20இல் இருந்து அங்கே புதிதாக வருகிற ஒரு மாடலுக்கு, விற்பனையை நிறுத்திய பிறகும் 7 வருடம் உதிரிப்பாகம் கொடுக்க வேண்டும். நல்லது. அந்தப் பாகங்களை எப்படியும் செய்து களஞ்சியத்தில் வைக்கத்தான் போகிறீர்கள். அதில் ஒரு பங்கைக் கொழும்புக்கு அனுப்புங்கள், அங்கிருந்து எங்களுக்கு வரட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2022 காட்டியது. 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில மாதத்தில் 360 ரூபாய்க்குப் போனது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. புதுப் போன் வாங்குவதை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அலுமாரியில் கிடந்த பழைய பட்டன் போன்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள், மூதூரில் இருந்து, கிண்ணியாவில் இருந்து, நிலாவெளியில் இருந்து. திருத்தினோம். ஆனால் கையில் இருந்த பாகங்கள் பெரும்பாலும் நகல். ஒரு அக்கா, தையல் வேலை செய்கிறவர், வேறொரு கம்பனியின் ஸ்மார்ட் போனுக்கு என்னிடம் பற்றரி போட்டார். மூன்று மாதத்தில் அது ஊதித் திரையைத் தள்ளிவிட்டது. அவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. எனக்கு வேலை தெரியும். நல்ல பாகம்தான் கிடைக்கவில்லை.

எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். பற்றரியும் சார்ஜ் போடும் வாயும் முதலில் வரட்டும், எங்களிடம் வருகிற போன்களில் அநேகமானவை அந்த இரண்டால்தான் வருகின்றன. அடுத்த மாடல்களைச் செய்யும்போது முடிந்தவரை ஒரே பற்றரியைப் பல போனுக்குப் போடுங்கள், முன்பு செய்தீர்களே, அது மாதிரி. எந்தப் பாகம் எந்த மாடலுக்கு என்ற பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் போட்டால் பழகுகிற பிள்ளைகளுக்கும் உதவும். திருகோணமலையில் யாரிடம் பாகத்தை அனுப்புவது என்று யோசிக்க வேண்டாம், இங்கே இந்தத் தொழில் செய்கிற எல்லோரையும் கூட்டி ஒரு பெயர்ப் பட்டியல் தருகிறேன். பதில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை, மகள் வாசித்துச் சொல்வாள்.