பேத்தியின் முதல் சோறு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். பாப்பாவுக்கு வருகிற 18ஆம் தேதி ஆறு மாதம் நிறைகிறது என்றும், அதற்கடுத்த திங்கட்கிழமையே மருமகள் வேலைக்குத் திரும்புகிறாள் என்றும் நேற்று நீ தொலைபேசியில் சொன்னபோது, சொல்ல இருந்ததெல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்து எதையும் ஒழுங்காகச் சொல்ல முடியாமல் போயிற்று. 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி 26 வாரச் சம்பள விடுப்பு கொடுத்த பிறகு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமலிருப்பது வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கும் கைகூடுகிறது. ஆனால் விடுப்பு முடிகிற வாரமும் குழந்தைக்குச் சோறு தொடங்குகிற வாரமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. தாய் பகலில் வீட்டில் இல்லாத நாட்களில்தான் பிள்ளை முதன்முதலாகப் பாலல்லாத ஒன்றை வாயில் வாங்கப் போகிறது. நீ வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். ஆகவே ஊட்டுகிற கை உன்னுடையதாக இருக்க வேண்டும். "கூடமாட உதவுகிறேன்" என்று சொன்னாய். அதை உதவி என்று நினைக்காதே, தம்பி. அது உன் வேலை.

முதலில் பாலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சோறு தொடங்கிவிட்டது என்பதற்காகத் தாய்ப்பாலைக் குறைக்கக் கூடாது. இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம். காலையில் புறப்படுமுன் ஒரு முறை, வந்தவுடன் ஒரு முறை, இரவில் கேட்டபோதெல்லாம் என்று அவள் கொடுக்கட்டும். பகலுக்கு வேண்டியதைப் பீய்ச்சி மூடிய எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தால், வெயில் கடுமையில்லாத நாளில் வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும். ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் ஒரு நாள் முழுதும் கவலையில்லாமல் பயன்படுத்தலாம். அதை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காதே; வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை நிறுத்தினால் போதும். கொடுப்பது பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சிறு சங்கில், அல்லது சிறு கிண்ணத்தில்தான். புட்டி வேண்டாம் என்று நான் இத்தனை பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

சோறு என்று வரும்போது நம் வீடுகளில் நடக்கிற பெரிய தவறு, பருப்பு வெந்த தண்ணீரையும் வடிகஞ்சியையும் வார்த்துவிட்டுக் குழந்தை சாப்பிட்டுவிட்டது என்று நினைப்பது. அந்த வயிறு மிகச் சிறியது. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் மெதுவாக நழுவுகிற பதம்தான் சரியான பதம். குழைய வெந்த சோற்றையும் பருப்பையும் கையாலேயே மசித்து, அரைத் தேக்கரண்டி நெய் விட்டுக் கொடு. மிக்ஸியில் அரைக்காதே, அரைத்ததையே பழகிய பிள்ளை பின்னால் திப்பி பட்டாலே துப்பும். முதல் வாரம் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை என்று கூட்டிக்கொண்டு போ. ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். உப்பில்லாத சோறு நமக்குத்தான் சப்பென்றிருக்கும், அவளுக்கு அது தெரியாது.

பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து இந்த ஆறாம் மாதத்தோடு தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இருக்கிற இரும்பு அதை ஈடுகட்டாது. ஆகவே பருப்பும் கீரையும் மட்டுமல்லாமல், நன்றாக வெந்த முட்டையும், நீங்கள் ஆட்டு ஈரல் வாங்குகிற நாளில் அதில் ஒரு துண்டை வேகவைத்து மசித்ததும் அவளுக்குப் போகட்டும். கீரையோடு இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அதிலுள்ள இரும்பு உடம்பில் கூடுதலாகச் சேரும். கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைத்த மாவு நம் பக்கத்துப் பழைய வழக்கம். முளை விடும்போது தானியத்தின் மாவுச்சத்து உடைபடுவதால், கஞ்சியில் கூடுதல் மாவு போட்டாலும் கெட்டிப்படாமல் இளக்கமாக நிற்கும், அதனால் அதே கிண்ணத்தில் அதிகச் சத்து அடங்கும். நம் பாட்டிமார் இந்தக் காரணத்தை அறிந்து செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. செய்தது மிகச் சரியானது. புதிய பண்டம் எதுவானாலும் ஒன்றைக் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கு.

முதல் சில நாட்கள் நீ வைத்ததையெல்லாம் அவள் நாக்கால் வெளியே தள்ளுவாள். பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே; மார்பில் சப்பிக் குடித்த நாக்குக்கு வேறு அசைவு தெரியாது, அவ்வளவுதான். ஒரு காயை எட்டுப் பத்து முறை கொடுத்த பிறகுதான் சில பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளும். வாயைத் திறந்து முன்னால் சாய்ந்தால் பசி; தலையைத் திருப்பினாலோ உதட்டை இறுக்கினாலோ கரண்டியைத் தட்டினாலோ போதும் என்று பொருள். அப்போது நிறுத்திவிடு. மூக்கைப் பிடித்தும் காலுக்கிடையில் இடுக்கியும் ஊட்டுகிற வீடுகளைச் செவிலியராக இருந்த என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் கிண்ணத்தைக் கண்டாலே அழுதன. கைப்பேசியில் படம் காட்டி ஊட்டுவதும் எனக்கு அதே போன்ற வற்புறுத்தலாகத்தான் படுகிறது, வயிறு நிறைந்ததைப் பிள்ளை உணரவே விடாத வற்புறுத்தல். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

இனி புட்டி. நீ பிறந்தபோது எனக்குக் கிடைத்த விடுப்பு மூன்றே மாதம். ஆண்டிபட்டிப் பக்கத்தில் துணை சுகாதார நிலையத்தில் வேலை. உன்னை அப்பத்தாவிடம் விட்டுவிட்டுப் போவேன். பகலில் உனக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பசும்பால், ரப்பர் காம்பு வைத்த புட்டியில். அந்தக் காம்பை உள்ளே சுத்தமாகக் கழுவுவது கடினம், அழுக்கு தங்கிவிடும். ஐந்தாம் மாதத்தில் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள், காலையிலிருந்தே உனக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அப்பத்தா எதுவும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. மாலையில் நான் வந்தபோது உன் கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நின்றது. அன்று பகல் முழுவதும் ஊரிலுள்ள தாய்மார்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்து விளக்கிக்கொண்டிருந்தவள் நான். கடைசிப் பேருந்தும் போய்விட்டது. 1971இல் வங்க எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா வந்தபோது, ஊசி வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலை வாய் வழியே கொடுக்கச் செய்து, நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவை நான்குக்கும் கீழே கொண்டுவந்தார் என்று பயிற்சியில் படித்திருந்தேன். அந்த ஒன்றை நம்பி, பாலாடையில் நிமிடத்துக்கு ஒரு மடக்காக விடிய விடியக் கொடுத்தேன். விடியற்காலையில் நீ சிறுநீர் கழித்துத் துணியை நனைத்தாய். இன்று அந்த நிலையில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புவேன். நீயும் அப்படியே செய்ய வேண்டும்.

ஆகவே ஓ.ஆர்.எஸ். என்கிற அந்த உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு வீட்டில் எப்போதும் இருக்கட்டும். ஒரு லிட்டர் என்று அச்சிட்ட பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் போடுவது ஆபத்து. ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகக் கொடு. கரைத்ததில் மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிடு. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதே. ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம் 14 நாள் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே போக்கு நின்றாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும். குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதே.

வேர்க்கடலை, முழுத் திராட்சை, பொட்டுக்கடலை எதையும் அவள் கைக்கு எட்டவிடாதே. ஏதாவது அடைத்து, இருமவும் அழவும் முடியாமல் போனால், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. குப்புற முன்கையில் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, இரு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. வெளிவரும்வரை மாற்றி மாற்றிச் செய்யும்போதே ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். இதை நீயும் மருமகளும் ஒரு பொம்மையை வைத்து இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பாருங்கள்.

பார்க்க வருகிறவர்கள் தேனைத் தொட்டு நாக்கில் வைப்பார்கள், வசம்பை உரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள், மூக்கில் எண்ணெய் விடச் சொல்வார்கள். மூன்றும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனால் நரம்பைத் தளர்த்தும் நச்சு நோய் வரக்கூடும்; மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பெரியவர்கள் மனம் கோணுமே என்று மருமகள் தயங்குவாள். என் மாமியார் செவிலியர், அவர் கூடாதென்று சொல்லிவிட்டார் என்று என் தலையில் போடச் சொல்.

ஒன்பது மாதம் நிறைந்தவுடன் தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் உண்டு. புனேயில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று இப்போதே விசாரித்து, அட்டையை எடுத்து வை. முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு கிலோவும், உனக்கு அன்றிரவு கொடுத்த அதே பாலாடையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பாலாடையைப் புளி போட்டுத் துலக்கி, ஒவ்வொரு முறையும் கொதிக்கும் நீரில் போட்டெடுத்த பிறகே அவள் வாயில் வை.

அன்புடன்,
அம்மா